சீவுளியும் வச்சிரமும்

(நமது சங்கத்தின் வாணி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





வாணி விழாவிலே பேச எழுவோர் கலைமகளின் கையிலுள்ள ஏட்டைப் பற்றிப் பேசுவர். இசை வல்லார் அவள் மடியிலுள்ள வீணையின் நாதத்தைப் பற்றிப் பேசுவர். அந்த வீணையைச் செய்த கையைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். நான் மரவேலை செய்பவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்லுவதே முறையாகும். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் பார்வைக்கு மிகச் சிறியது. ஒரு நரம்புக் கருவியின் இரண்டு மரத்துண்டுகளை ஒன்றாக்குவதற்கு முன்னர்ச் சீவுளியை எவ்வாறு ஆயத்தஞ் செய்வது, வச்சிரத்தை எவ்வாறு காய்ச்சுவது என்பதே அது.

இதை மாங்குளத்திலே பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். காரணம் உண்டு. 1990ஆம் ஆண்டு நின்றுபோன புகையிரதம் 2013ஆம் ஆண்டு மீண்டும் நம் ஊருக்கு வந்தது. வீதி திருந்தியது, கோயில்கள் திருப்பணி கண்டன, பிள்ளைகள் மறுபடியும் சங்கீதம் படிக்கின்றார்கள். ஆனால், 2009ஆம் ஆண்டு வரையிலான இடப்பெயர்வுகளில் நாம் விட்டுவந்த பொருள்களோடு ஆயுதப் பெட்டிகளும் போயின. அவற்றைக் கையாளத் தெரிந்த முதியவர்களும் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றார்கள். இன்று ஒரு பிள்ளையின் வீணையிலே ஒட்டு விட்டுவிட்டால், அதைத் திறந்து பார்த்துச் சீராக ஒட்டித் தருவோரை அருகில் காண்பது அரிது. கடையிலே விற்கும் ஏதோ ஒரு பசையை ஊற்றிக் கயிற்றால் கட்டிவிடுகின்றோம். அடுத்த முறை அது விடும்போது கைதேர்ந்த ஒருவர் வந்தாலும் அதைத் திருத்தமுடியாமற் போகின்றது. ஆகவே இது சிறிய பொருளன்று. நம் வீட்டுக் கருவி அடுத்த தலைமுறைக்குப் போகுமா, விறகாகுமா என்ற கேள்வி இதிலே அடங்கியிருக்கின்றது.

ஒட்டு எங்கே வருகின்றது?

தஞ்சாவூர் வீணையை எல்லோரும் அறிவீர்கள். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்திலே 24 மெட்டுகளும் நிலையாகப் பொருத்தப்பெற்று அது இன்றைய வடிவத்தை அடைந்தது என்பது மரபு. பலா மரத்திலே செய்யப்படுவது. 2013ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குடம், தண்டி, யாளிமுகம் ஆகிய மூன்றையும் ஒரே மரத்திற் குடைந்தெடுத்தால் அதை ஏகாண்ட வீணை என்பர். தனித்தனியே செய்து பொருத்தினால் அது ஒட்டு வீணை. ஏகாண்ட வீணைக்குப் பெரிய மரம் வேண்டும். அதன் விலையும் அதிகம். ஆகையால் நம் பிள்ளைகளின் கையிலே பெரும்பாலும் இருப்பது ஒட்டு வீணையே. ஏகாண்டமாயினும் குடத்தின் மேற்பலகையை ஒட்டியே ஆகவேண்டும்.

வாசிப்புத் தந்திகள் நான்கும் தாளத் தந்திகள் மூன்றும் ஒரு முனையிலே குடத்தையும் மறுமுனையிலே பிரடைகளையும் பற்றிக்கொண்டு இரவும் பகலும் இழுத்தவண்ணம் இருக்கின்றன. வாசிக்காத நேரத்திலும் அந்த இழுவை ஓய்வதில்லை. வயலினை எடுத்துக்கொண்டால், அதன் நான்கு தந்திகளின் இழுவை மட்டும் 20 கிலோகிராமுக்கு மேற்படும். இத்தனை இழுவையையும் ஆண்டுக்கணக்காகத் தாங்கி நிற்பது கடதாசியினும் மெல்லிய ஒரு பசைப்படலம். அந்தப் படலத்திற்கு வலிமை தருவது பசை மாத்திரமன்று. அதன் இருபுறமும் இருக்கின்ற மரப்பரப்பு. இதை மறந்தவர்களே பசையைக் கூட்டிக் கூட்டி ஊற்றுகின்றார்கள். வச்சிரம் இடைவெளியை நிரப்பும் பொருளன்று. இடைவெளியே இல்லாத இடத்திலேதான் அது தன் முழு வலிமையைக் காட்டும்.

அதனாலேதான் சீவுளியையும் வச்சிரத்தையும் ஒரே தலைப்பிலே வைத்தேன். இவை இரண்டு வேலைகளல்ல. ஒரே வேலையின் இரண்டு பாதிகள்.

சீவுளியை ஆயத்தஞ் செய்தல்

சீவுளி மிகப் பழைய ஆயுதம். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலிலே புதைந்த பொம்பெயி நகரத்தை அகழ்ந்தபோது இரும்புச் சீவுளிகள் கிடைத்தன. அவற்றைக் காணும் நம் தச்சர் எவரும் இது இன்ன ஆயுதம் என்று உடனே சொல்லிவிடுவார். கட்டை, அதிலே ஒரு வாய், வாயிலே சாய்ந்து நிற்கும் அலகு, அலகைப் பிடிக்கும் ஆப்பு: இவ்வளவே. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அமெரிக்காவில் லெனாட் பெயிலி என்பவர் திருகாணியால் அலகை ஏற்றி இறக்கும் இரும்புச் சீவுளியை அமைத்தார். 1869ஆம் ஆண்டு ஸ்டான்லி நிறுவனம் அவருடைய உரிமங்களை வாங்கியது. இன்று கடையிலே நாம் காணும் இரும்புச் சீவுளிகள் பெரும்பாலும் அந்த அமைப்பின் வழிவந்தவையே. மரச் சீவுளியாயினும் இரும்புச் சீவுளியாயினும் கடையிலிருந்து வந்தபடியே வேலைக்கு உதவாது. புதிய மிருதங்கத்தைச் சுருதி கூட்டாமல் வாசிப்பார் உண்டோ? சீவுளிக்கும் சுருதி கூட்டல் உண்டு.

முதலாவது, அடிப்பரப்பு. நேரான இரும்பு அடிமட்டமொன்றை அதன்மேல் நிறுத்தி வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முன்நுனி, வாயின் முன்விளிம்பு, பின்நுனி ஆகிய மூன்று இடங்களும் ஒரே மட்டத்தில் இருத்தல் வேண்டும். இடையிலே சற்றுப் பள்ளமிருப்பினும் கேடில்லை. வாயின் முன்விளிம்பு பள்ளத்தில் இருந்தால் மரத்தை அமுக்கிப் பிடிப்பதற்கு ஒன்றுமில்லாமற்போகும். நார் கிளம்பிக் கிழியும். திருத்துவதற்குத் தடித்த கண்ணாடித் தட்டொன்றின்மேல் அரத்தாளை விரித்து, சீவுளியை அதன்மேல் வைத்து முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். அப்போது அலகை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கழற்றிவிடக் கூடாது. ஆப்போ திருகாணியோ இறுகியிருக்கும்போது கட்டை சிறிது வளைந்தே நிற்கும். வேலை செய்யும்போது இருக்கின்ற அந்த நிலையிலேயே அதைத் திருத்த வேண்டும். பென்சிலாற் கோடுகள் கீறிவிட்டுத் தேய்த்தால் எந்த இடம் இன்னும் தாளைத் தொடவில்லை என்பதைக் கோடுகளே சொல்லும்.

இரண்டாவது, அலகு. கூர் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு. ஒரு பரப்பை மாத்திரம் தீட்டிவிட்டு மற்றதைக் கைவிட்டால் கூர் பிறவாது. ஆகையால் முதலில் அலகின் தட்டையான முதுகைத் தீட்டுகல்லிலே தேய்த்து, வெட்டும் முனையை அடுத்த ஒரு விரலகலத்தையாவது கண்ணாடிபோல் ஆக்கவேண்டும். இந்த வேலை ஓர் அலகுக்கு ஒரு முறைதான். பின்னர்ச் சரிவை 25 பாகையிலே சாணை பிடித்து, நுனியை மாத்திரம் 30 பாகையளவில் நுண்கல்லிலே தீட்ட வேண்டும். முதுகுப் பக்கத்திலே பிசிர் விரலுக்குத் தட்டுப்படும் வரை தீட்டி, பின் முதுகைக் கல்லிலே படிய வைத்து அந்தப் பிசிரை எடுத்துவிடவேண்டும். சாணைச் சக்கரத்திலே அலகு நீலம் பூத்தால் இரும்பின் பதம் போய்விட்டது. அந்தப் பகுதியைத் தேய்த்துத் தள்ளுவதைத் தவிர வழியில்லை. ஆகவே அடிக்கடி தண்ணீரிலே தோய்த்துக்கொள்ளுங்கள்.

அலகு கூராகிவிட்டதா என்பதை அறிய ஒரு வழி சொல்கின்றேன். மென்மரத் துண்டொன்றின் வெட்டுமுகத்தை, அதாவது நார்களின் நுனிகள் தெரியும் பக்கத்தை, அந்த அலகாலே சீவிப் பாருங்கள். பரப்பு பளபளத்தால் கூர் உண்டு. வெண்பொடியாகச் சிதைந்து மங்கலாகத் தெரிந்தால் இன்னும் தீட்ட வேண்டும்.

மூன்றாவது, அலகின்மேல் நிற்கும் மேலிரும்பு. சீவல் எழும்போது அதை உடனே மடக்கி முறிப்பது இதன் தொழில். இதன் விளிம்பு அலகின் முதுகோடு இம்மியும் இடைவெளியின்றிப் பொருந்தவேண்டும். இல்லையேல் சீவல் இடையிலே புகுந்து அடைத்துக்கொள்ளும். நார் முன்னும் பின்னுமாக மாறி ஓடும் மரத்திலே இதைக் கூரிலிருந்து அரை மில்லிமீற்றர் அளவுக்கோ அதனினும் நெருக்கமாகவோ வைக்கலாம். நம் வன்னிக் காட்டு முதிரையைச் சீவியவர்களுக்கு இது தெரியும். ஒரு புறமிருந்து சீவினால் பட்டுப்போல் வரும் அதே பலகை, ஒரு சாண் தாண்டியதும் செதில் செதிலாகக் கிளம்பும். அத்தகைய மரத்திற்கு அலகு வழக்கமான 45 பாகையிலும் சற்று நிமிர்ந்து, 50 அல்லது 55 பாகையில் நிற்கும் சீவுளியே ஏற்றது. தள்ளுவதற்குப் பலம் கூட வேண்டும், கிழிசல் குறையும்.

நான்காவது, சீவுளியின் நீளம். சிறிய சீவுளி மேட்டிலே ஏறிப் பள்ளத்திலே இறங்கும். நெடுஞ்சீவுளி பள்ளங்களைத் தாண்டி மேடுகளை மாத்திரமே வெட்டும். ஆகவே ஒட்டுக்குரிய நேர்விளிம்பை நெடுஞ்சீவுளியாலேயே எடுக்க வேண்டும். குடத்தின் மேற்பலகை போன்ற மெல்லிய பலகைகளை நிறுத்திவைத்துச் சீவினால் சீவுளி சாயும். அவற்றை ஒரு மட்டப்பலகையின்மேற் படுக்கவைத்து, சீவுளியையும் பக்கவாட்டிலே சாய்த்து ஓட்டுவது நலம். இரண்டு பலகைகளையும் புத்தகத்தை மூடுவதுபோல் ஒன்றன்மேலொன்றாக மடித்துவைத்து ஒரே ஓட்டத்திலே சீவினால், விளிம்பு சிறிது சாய்ந்திருந்தாலும் விரிக்கும்போது ஒரு சாய்வு மற்றச் சாய்வை ஈடுசெய்துவிடும். இது தச்சர்களின் பழைய கணக்கு.

இறுதியாகச் சோதனை. இரண்டு விளிம்புகளையும் பசையின்றி ஒன்றன்மேலொன்று நிறுத்தி, பின்னாலே ஒரு விளக்கைப் பிடியுங்கள். ஒளி எங்கேனும் கசிந்தால் அந்த இடத்திலே ஒட்டு இல்லை. பின்பு மேற்பலகையின் ஒரு முனையைப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். நடுவிலே ஊன்றிச் சுழன்றால் நடு மேடு. முனைகளிலே உரசித் தயங்கினால் முனைகள் பொருந்தியிருக்கின்றன. கவ்வியால் இறுக்கப்போகும் நீண்ட ஒட்டிலே நடுவில் ஒரு சீவலளவு பள்ளம் இருக்கலாம். இறுக்கும்போது முனைகள் உறுதியாகும். கையாலே தேய்த்து ஒட்டும் சிறிய ஒட்டுக்கு அதுவும் ஆகாது. முழுவதும் மட்டமாகவே இருக்க வேண்டும்.

சீவி முடித்த பரப்பைக் கையாலே தடவிப் பார்க்கும் ஆசை எல்லோர்க்கும் உண்டு. அதை அடக்கிக்கொள்ளுங்கள். கையின் எண்ணெய் பசைக்குப் பகை. அன்றியும், சீவிய மரத்தை நாட்கணக்கில் வைத்திருந்து ஒட்டலாகாது. மரத்தின் உள்ளேயிருக்கும் பிசின் முதலியவை நாளடைவிலே மேலே வந்து படியும், தூசியும் சேரும். காலையிலே சீவியதை அன்றைக்கே ஒட்டுவது நல்ல பழக்கம். மழுங்கிய அலகினாற் சீவிய பரப்பு நார்கள் நசுங்கிக் கிடக்கும் பரப்பு. பசை அந்த நசுங்கிய நாரைத்தான் பற்றும். இழுவை வந்ததும் அந்த நாரோடு பெயர்ந்து வரும். அப்பொழுது நாம் பசையைக் குறை சொல்கின்றோம். குற்றம் தீட்டுகல்லிலே இருக்கின்றது.

வச்சிரத்தைக் காய்ச்சுதல்

வச்சிரம் என்று தச்சர் சொல்வது விலங்குகளின் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. எகிப்து நாட்டிலே ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரிலே, ஏறக்குறைய 3,400 ஆண்டுகளுக்கு முன் தீட்டப்பெற்ற மரவேலைக் காட்சியில், நெருப்பின்மேற் பசைச்சட்டி இருக்கின்றது. இத்தாலியிலே 1737ஆம் ஆண்டு மறைந்த ஸ்ட்ராடிவாரி தம் வயலின்களை ஒட்டியதும் இத்தகைய பசையாலேதான்.

இது பாளமாகவும் மணியாகவும் பொடியாகவும் கிடைக்கும். எடையில் ஒரு பங்கு வச்சிரத்திற்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு தண்ணீர் என்று தொடங்கலாம். முதலில் குளிர்ந்த நல்ல நீரிலே ஊறவேண்டும். மணியாயின் ஒரு மணித்தியாலம் போதும். பாளமாயின் இரவு முழுவதும் ஊறட்டும். நீரைக் குடித்து அது வீங்கிக் குழைந்த பின்னரே சூடாக்கல். நேரே அடுப்பில் வைக்கலாகாது. பெரிய சட்டியிலே தண்ணீர் வைத்து, அதனுள்ளே பசைக் கிண்ணத்தை இறக்கி, அந்த வெந்நீரின் சூட்டிலேயே இளக்க வேண்டும். 60 பாகை செல்சியஸ் அளவு போதும். 70ஐத் தாண்டவிடக் கூடாது. கொதித்த வச்சிரம் செத்த வச்சிரம். அதன் நீண்ட மூலக்கூறுகள் அறுந்து வலிமை போய்விடும். ஒரு சிறிய வெப்பமானி இருந்தால் சந்தேகத்திற்கு இடமில்லை.

பதம் பார்ப்பது எப்படி? தூரிகையைத் தூக்கினால் பசை துண்டு துண்டாக விழாமலும் தண்ணீர்போல் ஓடாமலும், இளஞ் சீனிப்பாகுபோல் ஒரே இழையாக இறங்கவேண்டும். பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் சிறிது தொட்டு, விரல்களைச் சேர்த்துச் சேர்த்துப் பிரித்தால் சற்று நேரத்திலே மெல்லிய நூலிழைகள் எழும். அப்போது பசை உயிரோடு இருக்கின்றது என்று கொள்ளலாம். நம் நாட்டு வெப்பத்திலே ஊறிய வச்சிரம் விரைவிலே கெடும். அன்றன்றைக்கு வேண்டியதைச் சிறிதாகக் காய்ச்சுங்கள். துர்நாற்றம் எழுந்தால் தயங்காமற் கொட்டிவிடுங்கள். திரும்பத் திரும்பச் சூடாக்குவதும் பலத்தைக் குறைக்கும்.

வச்சிரம் சூட்டிலே இளகி, ஆறியதும் முதலிலே கூழ்போல் உறைந்து, பின்னர் மெல்ல மெல்லத் தன் நீரை மரத்திற்குக் கொடுத்து உலர்ந்து இறுகும். உலரும்போது அது சுருங்குவதால் இரண்டு துண்டுகளையும் தானே இழுத்துப் பிடிக்கும். ஆனால், முதலில் உறைவதற்கு எடுக்கும் நேரம் மிகச் சொற்பம்; குளிர்ந்த மரமாயின் ஒரு நிமிடங்கூட இராது. உறைந்த பின்னர்ச் சேர்த்தால் அது ஒட்டன்று. ஆகையால் மரத்தையும் சூடாக்கிக்கொள்ள வேண்டும். மேல்நாட்டார் இதற்கு அடுப்பை நாடுவர். மாங்குளத்து வெயில் அவ்வேலையைக் கூலியில்லாமற் செய்யும். துண்டுகளைச் சிறிது நேரம் வெயிலிலே வைத்து எடுத்தால் போதும். நெடுநேரம் வைத்தால் மரம் வளைந்து நாம் சீவிய நேரமெல்லாம் வீணாகும். காற்று அடிக்கும் இடத்திலே பசை பூசலாகாது. சோளகக் காற்று வீசும் நாட்களிலே கதவை அடைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். கவ்வி, கயிறு, ஆப்பு எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பசையின்றி ஒருமுறை முழு வேலையையும் ஒத்திகை பார்த்துக்கொண்டால் பூசிய பின்னர்ப் பதற்றம் இராது.

தண்டி குடத்தோடு சேரும் இடத்திலே மரத்தின் வெட்டுமுகமும் வரும். வெட்டுமுகம் பசையைத் தாகத்தோடு குடித்துவிடும், ஒட்டு வறண்டுபோகும். அங்கே முதலில் நீர்த்த வச்சிரத்தை ஒருமுறை பூசி உலரவிட்டு, மெல்லச் சீவி, அதன்பின் உரிய பசையைப் பூசவேண்டும். ஒட்டிய பின் ஓர் இரவேனும் கட்டை அவிழ்க்கக் கூடாது. தந்தி ஏற்றுவதற்கு மேலும் சில நாட்கள் பொறுத்தல் நன்று. வாடைக்காற்றோடு வரும் மாரியிலே மரம் ஈரத்தைக் குடித்து அகலவாக்கிலே பருக்கும். நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. ஆகையால் மாரிக்குள் மரத்தைச் சீவி ஒட்டினால் கோடையிலே வெடிக்க இடமுண்டு. வரண்ட மாதங்களிலே, ஒரே கொட்டகையில் நெடுநாள் கிடந்து பழகிய மரத்தை ஒட்டுவதே உத்தமம்.

ஏன் இந்தப் பழம்பசை?

கடையிலே வெண்பசை விற்கின்றது, காய்ச்ச வேண்டியதில்லை, மலிவு. இதையெல்லாம் விட்டுவிட்டு வச்சிரம் ஏன் என்று இளைஞர்கள் கேட்பது நியாயம். கதிரைக்கும் மேசைக்கும் வெண்பசை போதும். நானும் அதைத்தான் பயன்படுத்துகின்றேன். ஆனால் ஓயாத இழுவையின் கீழ் அது காலப்போக்கிலே சிறிது சிறிதாக நெகிழ்ந்து நகரும் இயல்புடையது. அன்றியும், அது ஒருமுறை படிந்த மரத்திலே புதிய பசை நன்றாகப் பிடிப்பதில்லை. இரண்டு கலவைகளைச் சேர்த்து உருவாக்கும் எபொக்சிப் பசை இன்னும் வலியது. பிரிக்க முயன்றால் ஒட்டு விடாது, மரம் பிளக்கும்.

வச்சிரமோ உலர்ந்த பின் மரத்தினும் வலியது. ஆயினும் சூடும் ஈரமும் காட்டினால் வழிவிடும். சூடேற்றிய மெல்லிய கத்தியும் சிறிது வெந்நீரும் இருந்தால், நூறாண்டுக்கு முன் ஒட்டிய பலகையையும் சேதமின்றித் திறக்கலாம். பழைய வச்சிரத்தின்மேல் புதிய வச்சிரம் பிடித்தும்கொள்ளும். ஸ்ட்ராடிவாரியின் வயலின்களிற் பெரும்பாலானவற்றின் கழுத்துகள் பிற்காலத்திலே மாற்றப்பெற்றன. உட்பாகங்களும் மாற்றப்பெற்றன. இருந்தும் அவை இன்றும் பாடுகின்றன. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசுவாமி தீட்சிதர் நம் இசைக்குள் கொண்டுவந்த அந்த வயலின் நம்மூர்ப் பிள்ளைகளின் கையிலும் இருக்கின்றது. அதற்கும் இந்த முறையே பொருந்தும்.

திறக்கமுடிகின்ற ஒட்டு பலவீனமான ஒட்டு என்று எண்ணாதீர்கள். இன்று செய்பவன் நாளை திருத்தப்போகிறவனுக்கு வழி விட்டுவைக்கின்றான் என்பதே அதன் பொருள். ஆனால் இந்தக் குணத்திற்கு ஒரு விலையும் உண்டு. வெயிலிலே நிறுத்திய வாகனத்துக்குள் வீணையை அடைத்துவைத்தால் ஒட்டு இளகிவிடும். இதைப் பெற்றோர் கவனித்துக்கொள்ள வேண்டும்.

தோற்பசை பற்றிய ஐயம்

இனி, இந்தச் சபையிலே மறைக்காமற் பேசவேண்டிய ஒன்று உண்டு. கலைமகளின் கருவியிலே விலங்கின் தோலைக் காய்ச்சிய பசையா என்று புலால் உண்ணாத சைவப் பெரியோர் கேட்கலாம். அந்தக் கேள்வியை நான் எள்ளி நகையாடமாட்டேன். அது அருள் உள்ளத்திலிருந்து வருவது.

ஆயினும் இரண்டு செய்திகளை எண்ணிப் பாருங்கள். மிருதங்கத்தின் இரண்டு கண்களும் தோலே, அதை இழுத்துக் கட்டும் வாரும் தோலே, தவிலும் அவ்வாறே. இறைவன் திருமுன்னர் அவை ஒலிக்கும்போது நாம் விலகி நிற்பதில்லை. சங்கும் ஓர் உயிரின் கூடு. தோலைத் தொட்டு வேலை செய்த கையைத் தாழ்வென்று தள்ளிவைத்து, அந்தக் கை செய்த நாதத்தை மாத்திரம் உள்ளே அழைத்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அதன் சாயல் முற்றாகப் போய்விட்டது என்று சொல்ல முடியுமா? நம் சங்கம் இதைச் சிந்திக்க வேண்டும். பசையைப் பற்றிய ஐயம் நியாயமானது. மனிதரைப் பற்றிய தீட்டு நியாயமற்றது.

மற்றது, மனம் ஒப்பாதவர்க்கு வேறு வழியும் உண்டு. பாலைத் திரித்தெடுத்த கட்டியோடு சுண்ணாம்பைச் சேர்த்துக் குழைக்கும் பாற்பசை பழைய காலந்தொட்டு வழங்குவது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே தியோபிலஸ் என்ற துறவி எழுதிய கைத்தொழில் நூல் இதனைச் சொல்கின்றது. அது மிக உறுதியானது. ஈரத்தையும் வெப்பத்தையும் வச்சிரத்திலும் நன்கு தாங்கும். ஆனால் வச்சிரம்போல் இலகுவில் திறக்காது. சில மரங்களிலே கறையும் படுத்தும். ஆகவே திறக்க வேண்டிய தேவை வராத இடத்திலே அதை வைத்துக்கொள்ளலாம். குடத்தின் மேற்பலகை போன்ற இடத்திற்கு நான் வச்சிரத்தையே சொல்வேன். முடிவு அவரவர் மனச்சான்றைப் பொறுத்தது. ஆனால் தெரிந்து முடிவு செய்யவேண்டும்.

கருவியும் கணக்கும்

மட்டக்களப்புக் காரைதீவிலே 1892ஆம் ஆண்டு தோன்றிய விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து ஆக்கிய யாழ்நூல், 1947ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே திருக்கொள்ளம்பூதூரிலே அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். அந்நூலிலே யாழின் உறுப்புகளுக்கென்றே யாழுறுப்பியல் என்று ஓர் இயல் வகுத்திருக்கின்றார். பண்ணை ஆராயப் புகுந்த துறவி, கருவியின் உடம்பையும் அளந்து கணக்கிட்டார். வழக்கொழிந்த யாழின் வடிவத்தைப் பாட்டிலிருந்தும் உரையிலிருந்தும் தேடவேண்டிய நிலை ஏன் வந்தது? செய்வோர் கை ஓய்ந்தது, கருவியும் ஓய்ந்தது. கைத்தொழில் அறுந்தால் அதை மீட்க ஒரு மேதைக்கும் ஆயுள் முழுவதும் வேண்டியிருக்கின்றது. நம் கையிலே இன்னும் இருப்பதைக் காப்பாற்ற அத்தனை மேதைமை வேண்டாம். கொஞ்சம் பொறுமை போதும்.

பெரியபுராணத்திலே திருநீலகண்ட யாழ்ப்பாணர், சம்பந்தப்பிள்ளையாரின் பாட்டைத் தம் யாழிலே அடக்கமுடியாமல் அதை உடைக்க ஓங்கியதையும், பிள்ளையார் தடுத்து அந்த யாழைக் கையில் வாங்கிக்கொண்டதையும் படித்திருக்கின்றோம். பாட்டு கருவியிலும் பெரிது என்பதை அங்கே கண்டோம். ஆயினும் கருவியை உடைக்க விடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இளைஞர்களுக்கு ஒரு பயிற்சி

முதலிலேயே வீணை செய்யப் புகவேண்டாம். ஒரு பழைய சீவுளியைத் தேடி எடுத்து அதைத் திருத்துங்கள். துரு ஏறிய அலகு பெரும்பாலும் நல்ல அலகே. பின்னர், விரல் தடிப்பும் ஒரு சாண் நீளமுமான இரண்டு துண்டுகளைச் சீவி ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்து அந்த ஒட்டைக் கொட்டாப்புளியால் அடித்து உடையுங்கள். ஒட்டு அப்படியே நிற்க, பக்கத்து மரம் கிழிந்தால் வேலை நன்று. பசைக்கோட்டிலே பளபளவென்று பிரிந்தால் பசை முன்பே உறைந்துவிட்டது. பசை திட்டுத்திட்டாகத் தடித்துக் கிடந்தால் சீவியது நேரில்லை. மரப்பொடியோடு மெல்லிய தோலாகப் பெயர்ந்தால் அலகு மழுங்கல். உடைந்த துண்டைப்போல் உண்மை பேசும் ஆசிரியர் வேறில்லை. பத்து ஒட்டை உடைத்தவர் பதினோராவதைப் பிள்ளையின் வீணையிலே செய்யலாம்.

மரத்தைப் பற்றியும் ஒரு சொல். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டுவதை 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தடுக்கின்றது. காட்டு மரங்களுக்கும் அனுமதிப் பத்திரம் வேண்டும். பயிற்சிக்குப் பழைய கதவும் நிலையும் உடைந்த கட்டிலும் போதும். அவை உலர்ந்து பழகிய மரம். பச்சை மரத்திலும் மேலானவை.

பெரியோர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம். மகன் சீவுளி பிடித்தால் படிப்புக் கெடும் என்று அஞ்சாதீர்கள். பாகையும் மில்லிமீற்றரும் வெப்பமானியும் இல்லாமல் இந்த வேலை நடவாது என்பதைக் கேட்டீர்கள். உங்கள் வீட்டுப் பரணிலே கிடக்கும் ஆயுதங்களை இரும்புக் கடைக்கு நிறுத்து விற்காமல் சங்கத்திற்குத் தாருங்கள். சங்கம் ஒரு வேலை மேசையும் ஒரு தீட்டுகல்லும் ஒரு பசைச்சட்டியும் வைத்தால், வாரத்தில் ஒரு மாலை நான் வந்து கற்பிக்கக் காத்திருக்கின்றேன்.

ஆயுத பூசையன்று புத்தகத்தோடும் வீணையோடும் சீவுளியையும் வைத்துச் சந்தனமும் பூவும் சாத்துகின்றோம். அதன் அலகிலே துரு இருக்கச் சந்தனம் பூசினால் அது பூசையாகாது. அடுத்த வாணி விழாவுக்கு நம் இளைஞர் ஒவ்வொருவரும் தம் கையாலே தீட்டிய ஓர் அலகைக் கொண்டுவந்து அம்பாளின் முன்னே வைப்பாராக. அதற்குள் ஒரு பிள்ளையின் வீணையாவது நம் ஊரிலேயே திருந்தி, நம் கோயிலிலேயே ஒலிக்குமாயின், அதுவே இந்த உரைக்குக் கிடைத்த பயன்.